ஒரு ஜன்னலுக்கு இரண்டு வீடு

விட்பி,
12 நவம்பர் 1962

மதிப்பிற்குரிய திரு. ஜாபெஸ் தீக்கர் அவர்களுக்கு,

வீட்டின் வலது பாதியில் குடியிருக்கும் டோர்கஸ் எழுதுவது. உன் ஒரே அக்கா என்பதால் அறிமுகம் தேவையில்லைதான். ஆனால் ஏழு வருடமாக வாசலில் என்னைக் கண்டால் விளக்குக் கம்பத்தைக் கண்டதுபோலப் போய்க்கொண்டிருக்கிறாய், அதனால் எதற்கும் சொல்லிவைக்கிறேன்.

விஷயம் ஜன்னல். அப்பா போனபின் முன்னறையை நடுவில் பலகைச் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். அந்தச் சுவர் நேரே போய்ப் பெரிய ஜன்னலின் நடுவில் முட்டுகிறது. கண்ணாடிச் சட்டம் மேலும் கீழும் போய்வர வேண்டும் என்பதால் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு விரல் இடுக்கு விட்டோம். பாதி ஜன்னல் உனக்கு, பாதி எனக்கு, உன் பைப் புகை முழுவதும் எனக்கு.

போன வியாழக்கிழமை உன் பக்கத்துக் கயிறு அறுந்துவிட்டது. கூட்டுக்குள் எடைக்கட்டி தொம்மென்று விழுந்த சத்தம் இங்கே கேட்டது. படகுக்காரனான உனக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன்: ஜன்னலின் இரண்டு பக்கமும் மரக்கூட்டுக்குள் இரும்புக்கட்டி கயிற்றில் தொங்குகிறது. அது இழுப்பதால்தான் சட்டம் சுலபமாக ஏறுகிறது, விட்ட இடத்தில் நிற்கிறது. ஒரு பக்கம் அறுந்தால் சட்டம் கோணிக்கொண்டு இறுகிவிடும். இப்போது இறுகிக்கொண்டு நிற்கிறது.

ஜனவரி 26ஆம் தேதி லீட்ஸிலிருந்து பிக்கர்ஸ்கில் என்ற பல் டாக்டர் என் பாதியைப் பார்க்க வருகிறார். மனைவிக்கு நெஞ்சுச் சளி, கடல் காற்று வேண்டுமாம். அவர் கேட்ட முதல் கேள்வியே "ஜன்னல் நல்லா திறந்து மூடுமா?" என்பதுதான். மூடும் என்று எழுதிவிட்டேன், கடவுள் மன்னிக்கட்டும். இது விற்றால்தான் மார்ச் மாதக் கப்பலில் நியூசிலாந்துக்கு, என் மகள் ஹில்டாவிடம் போக முடியும். என் பேரப்பிள்ளைகளை இன்றுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே உன் பக்கத்தைச் சரி செய்து தரவும்.

இதை அந்த இடுக்கு வழியாகவே தள்ளியிருக்கலாம். ஆனால் அது பேச்சுவார்த்தை உள்ளவர்கள் செய்கிற காரியம். அப்பாவை அடக்கம் செய்த அன்று, சபையில் அத்தனை பேருக்கு நடுவில் நான் இன்னொரு துண்டு பன்றிக்கறி எடுத்தபோது, "ஈயக்குண்டையே முழுங்கினவளுக்கு ஒரு துண்டு கறி என்ன பண்ணும், நல்லா வைங்க!" என்று சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. "அம்மாவோட உருட்டுக்கட்டையைத் திருடினவன் பேசுறான் பாரு" என்று நான் திருப்பிச் சொன்னதையும் மறக்கவில்லை. அது உண்மை என்பதால்.

இப்படிக்கு,
டோர்கஸ் மெட்கால்ஃப்

*

15 நவம்பர்

திருமதி மெட்கால்ஃப் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்கார ஹார்லண்ட் அதை நீட்டிக்கொண்டே, "ஏன் ஜாபெஸ், உங்க அக்கா பக்கத்துக் கதவுலதானே நின்னுட்டிருந்தாங்க. கைநீட்டினா எட்டியிருக்குமே?" என்றான். உன் சோலியைப் பாருடா என்று அனுப்பிவிட்டேன்.

நாற்பது வருடம் படகு கட்டியவன் நான். என் படகில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகியது என்று இந்தக் கரையில் எவனும் சொன்னதில்லை. ஒரு ஜன்னல் எனக்கு என்ன பெரிய வித்தை? சனிக்கிழமை முடித்துவிடுவேன்.

நீங்கள் நியூசிலாந்து போவதில் எனக்கு ஒன்றுமில்லை. தாராளமாகப் போகலாம். அங்கே ஹெர்ரிங் மீன் கிடைக்குமா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

உருட்டுக்கட்டையை நான் எடுக்கவில்லை. எடுத்து நான் என்ன ரொட்டியா சுடுகிறேன்? ஆனால் ஈயக்குண்டு வேறு விஷயம். மூடுபனியில் கரை தெரியாமல் தவித்தபோது தாத்தா அதைக் கயிற்றில் கட்டி இறக்கி, ஆழம் பார்த்துப் பார்த்துத்தான் படகையும் ஆட்களையும் வீடு சேர்த்தார். அப்பா அதை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் கண் மூடியபோது அது அலமாரியில் இல்லை. வீட்டுச் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. அதில் ஒருவன் நான், நான் எடுக்கவில்லை. மிச்சம் யார் என்று சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஜா. தீக்கர்

பி.கு. முட்டைக்கோஸ் வேகவைக்கும்போது தயவுசெய்து இடுக்கில் துணி வைக்கவும்.

*

26 நவம்பர்

தம்பி,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். தொட்டிலில் கிடந்தபோது என் தலைமுடியைப் பிடித்து இழுத்தவன், இன்று மரியாதை தருகிறான். சரி, இருக்கட்டும்.

சனிக்கிழமை முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்டது. ஏதோ வேலை நடக்கிறது என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சட்டத்தைத் தூக்கினேன். அசையவில்லை. மேசைக் கத்தியை வைத்து நெம்பினேன், கத்தி வளைந்தது. பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். இருந்த சந்து பொந்து அத்தனையிலும் சணலைத் திணித்து, மேலே தார் ஊற்றியிருக்கிறாய்!

ஜாபெஸ், அது ஜன்னல். அதை யாரும் கடலில் இறக்கப் போவதில்லை.

அது போதாதென்று கயிறு. கப்பலைக் கட்டும் வடத்தைக் கொண்டுவந்து அந்தச் சின்னக் கப்பியில் ஏற்றியிருக்கிறாய். அது போகவும் இல்லை, வரவும் இல்லை, நடுவில் தொண்டையில் முள் சிக்கினாற்போல நிற்கிறது. உன் தார் இடுக்கு வழியாக ஒழுகி என் லேஸ் திரையில் இறங்கியிருக்கிறது. தோய்த்துப் பார்த்தேன். திரை போய்விடும் போலிருக்கிறது, தார் போவதாக இல்லை.

ஸ்கார்பரோவில் லாட்ஜ் நடத்திய இத்தனை வருடமும் என் ஜன்னல்களை நானேதான் பார்த்துக்கொண்டேன். ஆகவே கேள். தாரை மரம் தெரியும்வரை சுரண்டு. மெல்லிய பருத்திக் கயிறு வாங்கு. சட்டம் ஓடும் பள்ளத்தில் மெழுகுவர்த்தியைத் தேய். கயிற்றின் மேல் எக்காரணம் கொண்டும் பெயிண்ட் படக்கூடாது. படகுக்கு இடைவெளி இருந்தால் மூழ்கும், ஜன்னலுக்கு இடைவெளி இருந்தால்தான் ஓடும்.

இந்த வார்த்தைகளைச் சுவர் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொல்லியிருந்தாலே உனக்குக் கேட்டிருக்கும். ஹார்லண்டும் அதையேதான் சொல்கிறான். "ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம், நடுவுல ஸ்டாம்ப் ஒரு கேடா?" என்கிறான். மரியாதை தெரியாதவன்.

டோர்கஸ்

*

6 டிசம்பர்

திருமதி மெட்கால்ஃப் அவர்களுக்கு,

தாரைச் சுரண்டிவிட்டேன். மெழுகுவர்த்தி உபாயம் பரவாயில்லை. இதை நன்றி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், தகவல் மட்டும்.

பழைய எடைக்கட்டி விழுந்ததில் இரண்டாக உடைந்து கிடந்தது. அதன் இடத்தில் ஒரு துண்டு நங்கூரச் சங்கிலி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தராசு வைத்துப் பார்க்கவில்லை. படகுக்காரன் எடையைக் கையால்தான் பார்ப்பான்.

இப்போது ஜன்னல் நன்றாகத் திறக்கிறது. தொடக்கூட வேண்டாம், தானாகவே திறக்கிறது. பல் டாக்டருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜா. தீக்கர்

*

21 டிசம்பர்

தம்பி,

உன் சங்கிலியின் புண்ணியத்தில் உன் பக்கம் மட்டும் சட்டம் ஏறி, என் பக்கம் கீழேயே நின்று, குறுக்கே இறுகிவிட்டது. அதனால் என் பக்கத்துக் கூட்டின் அடியில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, எடைக்கட்டியோடு அம்மாவின் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துக் கட்டினேன். கோணல் போய்விட்டது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே சீராக மேலே போகின்றன. முழு ஜன்னலும், யாரும் தொடாமல், கடை லிஃப்ட் போல.

அதைப் பிடித்து வைத்திருப்பது நடுவில் உள்ள தாழ்ப்பாள் ஒன்றுதான். அந்தத் தாழ்ப்பாள், நாம் வைத்த சுவரின் அழகு, கட்டைவிரல் அகலம் உன் பக்கம் விழுந்திருக்கிறது. பைப்பைத் தட்டிச் சாம்பலை வெளியே கொட்டுவதற்காகப் புதன்கிழமை அதை எடுத்துவிட்டாய். எடுத்ததோடு சரி, மூட வேண்டும் என்று தோன்றவில்லை. நான் பாட்டுப் பயிற்சிக்குச் சபைக்குப் போயிருந்தேன்.

திரும்பி வந்து விளக்கைப் போட்டால், என் மேசைமேல் ஒரு கடற்காகம். கிறிஸ்துமஸ் கேக்கின் நடுவில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்துக் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. மேலே பூசிய பாதாம் பசை முழுக்க அதன் வயிற்றில். நான் துடைப்பத்தை எடுத்தேன். அது பறந்து போயிருந்தாலும் மனசு ஆறியிருக்கும். நடந்து போனது, ஜாபெஸ். ஜன்னல் அவ்வளவு அகலமாகத் திறந்திருந்தது.

பல் டாக்டர் வர இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

டோர்கஸ்

*

23 டிசம்பர்

திருமதி மெட்கால்ஃப் அவர்களுக்கு,

கடற்காகத்தை நான் ஏவிவிடவில்லை. அது என் பக்கம் வராமல் உங்கள் பக்கம் வந்தது என்றால் உங்கள் கேக்கின் பெருமை.

உங்கள் இஸ்திரிப் பெட்டிக்குப் பிறகு உங்கள் பக்கம் ஒரு நூல் உயரமாக நின்றது. சமமாக இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள். அதனால் என் பக்கம் ஒரு கோடாலித் தலையைச் சேர்த்திருக்கிறேன்.

உங்கள் வாசலில் காகிதத்தில் சுற்றிய புகைமீன் நான்கு இருந்தால், அது ஹார்லண்ட் கைதவறி வைத்ததாக இருக்கும். திருப்பித் தர வேண்டாம். அவன் வெட்கப்படுவான்.

ஜா. தீக்கர்

*

3 ஜனவரி 1963, காலை
(இடுக்கு வழியாக)

ஜாபெஸ்,

தபால் வரவில்லை. வாசல் கதவின் பாதிவரை பனி, ஹார்லண்டே எங்கோ புதைந்து கிடக்கிறான் போலிருக்கிறது. ஆகவே மானத்தை விட்டு இடுக்கு வழியாகத் தள்ளுகிறேன். கையுறையோடு எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது.

ராத்திரி ஏதோ பட்டென்று தெறித்தது. கண் விழித்தால் ஜன்னல் ஓர் அடி மேலே நிற்கிறது, என் போர்வைமேல் பனி பெய்கிறது. வீட்டுக்குள், ஜாபெஸ், கூரைக்குக் கீழே. தண்ணீர்க் குடம் கல்லாகிவிட்டது. தாழ்ப்பாள் எங்கே? மூடு!

டோ.

*

அதே நாள்

தாழ்ப்பாள் எதிர்ச் சுவரில் குத்திக்கொண்டு நிற்கிறது. எடை தாங்காமல் ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. என் மீசையிலும் பனி.

தனியாக இழுத்துப் பார்த்தேன், இந்தப் பக்கம் இறங்கினால் அந்தப் பக்கம் ஏறுகிறது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தால்தான் வரும். பேச வேண்டிய அவசியம் இல்லை. நான் சுவரில் ஒரு தட்டுத் தட்டினால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டினால் இழுங்கள்.

ஜா.

*

4 ஜனவரி
(இடுக்கு வழியாக)

தம்பி,

இரண்டு தட்டுத் தட்டினாய், இழுத்தேன். இறங்கியது. இறங்கியதா? பிறகு மூன்று தட்டுத் தட்டினாய். மூன்றுக்கு என்ன அர்த்தம் என்று நீ எழுதவே இல்லை. "நான் ஆணி எடுக்கப் போகிறேன், நீ மட்டும் பிடித்துக்கொண்டிரு" என்று அர்த்தமாம்! நீ விட்டாய், ஜன்னல் ஏறியது, என் சால்வையின் ஓரம் சட்டத்தில் மாட்டி அதுவும் கூடவே ஏறியது. பாதி சால்வை வெளியே கொடி மாதிரி ஆடியதைப் பனி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கீழ்வீட்டுக்காரி கையசைத்தாள், நான் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு.

இப்போது உன் பக்கம் துடுப்பும் என் பக்கம் விளக்குமாறும் முட்டுக்கொடுத்து ஜன்னலைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கின்றன. எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

இரவெல்லாம் குளிரில் தூக்கம் வராததால் யோசித்தேன். நீ கையால் எடை பார்க்கிறவன். மீன் கூடையைத் தூக்கிப் பார்த்தே எத்தனை ராத்தல் என்று சொல்லுவாய், தராசு வைத்தால் அதேதான் காட்டும். அப்பேர்ப்பட்டவன், ஒரு ஜன்னலுக்கு இரண்டு மடங்கு எடை கட்டுவானா? அதற்கு மேல் கோடாலித் தலையும் கட்டுவானா? இது முட்டாள்தனம் இல்லை. பல் டாக்டர் வரும் அன்று இந்த ஜன்னல் வேலை செய்யக்கூடாது என்று நினைக்கிறாய். என்னைப் போகவிடக்கூடாது, இருக்கவும் விடக்கூடாது. அப்படித்தானே?

டோர்கஸ்

*

6 ஜனவரி

திருமதி மெட்கால்ஃப் அவர்களுக்கு,

போங்கள்! யார் பிடித்து நிறுத்துகிறார்கள்? இன்றைக்கே போங்கள்! கப்பல் இல்லையென்றால் சொல்லுங்கள், நானே ஒரு படகு கட்டித் தருகிறேன். ஒழுகாது.

உங்களைத் தடுத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? முட்டைக்கோஸ் நாற்றம் இருக்காது. காலையில் ஆறு மணிக்குக் கீர்த்தனை பாடுகிற சத்தம் இருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இரும மாட்டார்கள். நிம்மதியாக இருப்பேன்.

நியூசிலாந்தில் ஜன்னல்கள் கதவு போலப் பக்கவாட்டில் திறக்குமாம். துறைமுகத்தில் ஒருவன் சொன்னான். சும்மா சொல்லிவைக்கிறேன்.

ஜா. தீக்கர்

*

17 ஜனவரி, காலை
(இடுக்கு வழியாக)

ஜாபெஸ்,

ஈயக்குண்டு கிடைத்துவிட்டது.

எங்கே என்று சொல்ல மாட்டேன்.

டோ.

*

17 ஜனவரி, காலை, ஐந்து நிமிடம் கழித்து

எங்கே?

*

17 ஜனவரி

சொன்னால் சிரிப்பாய்.

*

17 ஜனவரி

மாட்டேன். அப்பா மேல் ஆணை. எங்கே?

*

17 ஜனவரி, மதியம்

தம்பி,

ஆணையிட்டிருக்கிறாய், ஞாபகம் இருக்கட்டும். சுவர் வெறும் பலகை, எல்லாம் கேட்கும்.

நீ எப்படியும் எடையைக் குறைக்கப் போவதில்லை, நாமாவது குறைப்போம் என்று என் பக்கத்துக் கூட்டைத் திறந்தேன். இஸ்திரிப் பெட்டி உள்ளே சரிந்து, கூட்டுக்கு நடுவில் நிற்கும் மெல்லிய மரப் பட்டைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. பட்டையை உருவி எடுத்தேன். முன்பக்கம் தொங்குவது கீழ்ச் சட்டத்தின் கட்டி. பட்டைக்குப் பின்னால் தொங்குவது மேல் சட்டத்தினுடையது. 1952இல், ராஜா இறந்த வருடம், அப்பா பெயிண்ட் அடித்து ஒட்டவைத்தாரே, அதன் பிறகு யாருமே திறக்காத மேல் சட்டம்.

அந்தக் கயிற்றின் நுனியில் இரும்புக்கட்டி இல்லை. தாத்தாவின் ஈயக்குண்டு, தோல் வளையத்தோடு தொங்கியது. முடிச்சு அப்பா போட்டது, அவர் முடிச்சு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கட்டி உடைந்திருக்கும், கடைக்குப் போய்ப் புதிது வாங்க அவருக்கு மனசு வந்திருக்காது. கையில் கிடைத்ததைக் கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மறந்துபோயிருக்கிறார்.

ஆக, அது ஏழு வருடமாக என் பாதியில், என் தலைமாட்டில் இருந்திருக்கிறது. நான் எடுக்கவில்லை, ஆனால் என்னிடம்தான் இருந்தது. ஒரு நிரபராதிக்கு இதைவிடக் கேவலம் வர முடியாது. உன்னிடம் மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு மணி நேரம் யோசித்தேன்.

டோர்கஸ்

*

18 ஜனவரி

அக்கா,

நான் சிரித்தது உன் காதில் விழுந்திருக்கும். அப்பா மன்னித்துவிடுவார், தப்பு அவருடையது. நீ சிரித்ததும் எனக்குக் கேட்டது. இருமல் என்று சொல்லாதே.

சிரிப்பு நின்றபிறகு ஒன்று தோன்றியது. ஒரு பக்கம் ஈயம் தொங்கினால் மறுபக்கம் அதே எடைக்கு எதையாவது தொங்கவிட்டால்தானே சட்டம் நேராக நிற்கும்? என் பக்கத்துப் பட்டையை உருவினேன்.

அம்மாவின் உருட்டுக்கட்டை. பளிங்குக்கட்டை, இரண்டு கைப்பிடியும் அப்படியே இருக்கின்றன. கயிற்றில் அதே அப்பா முடிச்சு. நான் எந்த ரொட்டிக்கு மாவு உருட்டினேன் என்று இனி நீ கேட்கலாம், தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன். அப்பா இரண்டையும் தேடிப் பிடித்து எடை சரிபார்த்துத்தான் கட்டியிருக்கிறார். என் கைக்கு இரண்டும் ஒரே கனம்.

அக்கா, எடையைப் பற்றி நீ எழுதியது சரி. முதல் தடவை சங்கிலி கட்டியபோதே கனம் அதிகம் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல் சரியானால் நீ போய்விடுவாய் என்பதும் தெரிந்தது. போகாதே என்று சொல்ல வேண்டும். அதற்கு வாய் வரவில்லை. கோடாலித் தலையைத் தொங்கவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருமுவது கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வரும். அதையும் எழுதிவிடுகிறேன், நேரில் சொல்ல மாட்டேன்.

ஆனால் பேரப்பிள்ளைகளைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருப்பதாக எழுதினாயே, அதை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். மனசு கேட்கவில்லை. சங்கிலி, கோடாலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். பட்டறையில் சொல்லிப் புது இரும்புக்கட்டி வார்க்கிறேன், இந்தத் தடவை தராசில் வைத்துத்தான் கட்டுவேன். 26ஆம் தேதிக்குள் ஜன்னல் தயாராகிவிடும். பல் டாக்டர் வரட்டும்.

ஜாபெஸ்

*

25 ஜனவரி
(இடுக்கு வழியாக)

தம்பி,

நீ புகைமீன் வாங்கப் போயிருந்தபோது தூக்கிப் பார்த்தேன். ஒரு விரல் போதுமாக இருந்தது. எங்கே விட்டேனோ அங்கே நின்றது. மேல் சட்டமும் இறங்குகிறது! பெயிண்ட்டை எப்போது வெட்டிவிட்டாய்? மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண் திறந்து வைத்தேன். உள்ளே இருந்த புகை மேல் வழியாகப் போகிறது, கீழ் வழியாகக் காற்று வருகிறது, திரைகூட ஆடவில்லை. இது மட்டும் முன்னாலேயே திறந்திருந்தால், எனக்குக் காற்றும் உனக்குக் கதகதப்பும் கிடைத்திருக்கும். பாதிச் சண்டை இருந்திருக்காது.

இவ்வளவு நன்றாக ஏன் செய்தாய்?

நாளை பதினோரு மணிக்கு அவர்கள் வருகிறார்கள். பைப் பிடிக்காதே. சத்தம் போடாதே.

டோர்கஸ்

*

26 ஜனவரி, மாலை

அக்கா,

சத்தம் போட்டுவிட்டேன். என்ன செய்யட்டும்?

பேசலாம்தான், வாயைத் திறந்தால் பழசெல்லாம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நீ சொன்னபடி மூச்சுவிடாமல்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆள் ஜன்னலை ஏற்றினான், இறக்கினான். "அடடா, வெண்ணெய் மாதிரி போகுதே!" என்றான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முடிந்தது கதை, வாங்கிவிடுவான் என்று நினைத்தேன். அப்புறம்தான் அவன் பெண்டாட்டியிடம் சொன்னான்: "வாங்கினதும் முதல் வேலையா இந்தப் பழைய மரத்தையெல்லாம் பேர்த்து எறிஞ்சிட்டு, ஒரே பெரிய கண்ணாடியா போட்டுடலாம். கடல் முழுசா தெரியும். காத்துக்கு ஒரு ஃபேன் வெச்சுக்கலாம்."

நான் கத்துவதாக முடிவெடுக்கவே இல்லை. "கையை வெச்சுப் பாரு!" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. அதே வார்த்தை, அதே நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தது.

அதற்குப் பின் நீ என்ன சொன்னாய் என்று கேட்கும் தைரியம் இல்லாமல் பின்வாசல் வழியாகத் துறைமுகத்துக்குப் போய்விட்டேன். இப்போதுதான் வந்தேன். உன் பக்கம் விளக்கு எரிகிறது.

அந்த ஆள் முகம் எப்படி இருந்தது? விற்றுவிட்டாயா?

ஜாபெஸ்

*

27 ஜனவரி, ஞாயிறு காலை

தம்பி,

முதலில் முகம். தன் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்திருக்கும் ஆட்களை எத்தனையோ பார்த்திருப்பார், நேற்றுத்தான் அவர் வாய் அப்படித் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "சுவத்துக்குள்ள யாரு?" என்றார்.

"என் தம்பி" என்றேன்.

"எப்பவும் இப்படித்தான் கத்துவாரா?"

"இல்லீங்க. ஏழு வருஷமா ஒரு வார்த்தை பேசாம இருந்தான். இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கான். இனிமே நிறுத்த மாட்டான்னு நினைக்கிறேன்."

அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பாதி வீட்டை விற்பதாக இல்லை என்று நானும் சொல்லிவிட்டேன். ஆளுக்கு ஒரு கோப்பை டீ கொடுத்து அனுப்பினேன். கடற்காகம் தொடாத ஓரத்துக் கேக் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதையும் கொடுத்தேன்.

ஹில்டாவுக்கு எழுதிவிட்டேன். முதலில் அவள் கேட்டதே "நாங்க அங்க வரட்டுமா?" என்றுதான். சண்டை நடக்கிற வீட்டுக்குக் குழந்தைகளைக் கூப்பிடுவதா என்று நான்தான் மறுத்துவிட்டேன். கோடையில் வரச் சொல்லியிருக்கிறேன். பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் கீழ்ச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு உன் பக்கமும் என் பக்கமும் குதித்துக்கொண்டுதான் இருப்பார்கள். நீ இப்போதே பழகிக்கொள்.

ஈயக்குண்டு உன்னுடையது. அப்பா சொன்னது சொன்னதுதான். ஆனால் அதை எடுத்தால் மேல் சட்டம் என் தலையில் விழும், நீ உருட்டுக்கட்டையைக் கொடுத்தால் உன் தலையில் விழும். ஆகவே இரண்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். தாத்தாவை நினைத்துக்கொள்ள வேண்டுமானால் ஜன்னலைத் திற.

இன்று மதியம் சாப்பிட வா. வாசல் வழியாக வா, இடுக்கு வழியாக எதையும் தள்ளாதே. பன்றிக்கறி வாங்கியிருக்கிறேன். நான் இரண்டாவது துண்டு எடுப்பேன், மூன்றாவதும் எடுப்பேன், நீ பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

ஆப்பிள் பை செய்கிறேன். மாவு ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்துதான் இருக்கும், குறை சொல்லாதே. பாட்டிலை வைத்துத்தான் உருட்டுகிறேன். உருட்டுக்கட்டைக்கு வேறு வேலை இருக்கிறது.

அக்கா